சர்வர் பக்க நிரலாக்கத்தின் அன்றாடச் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த்திலும் கடைகளுக்கும் ஆலயங்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் இணையத்தளம் செய்து தரும் இளையோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அவர்களில் பலர் பிஎச்பி மொழி, அதன் மேல் கட்டிய லாரவெல், ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட், தரவுத்தளமான மைஎஸ்கியூஎல் ஆகியவற்றில் வேலை செய்பவர்கள். ஆகவே எடுத்துக்காட்டுகளும் அவற்றைச் சார்ந்தே இருக்கின்றன. எந்தச் சிக்கலிலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: உலாவி, சர்வர், நிரல், தரவுத்தளம் என்று கைமாறி வரும் தகவல் எந்தக் கைமாற்றத்தில் கெட்டது? அந்த இடம் தெரியாமல் நிரலில் கைவைத்தால் ஒரு பிழை இரண்டாகிவிடும்.

பக்கம் 500 என்று மட்டும் காட்டுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

சர்வர் நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் லாக் கோப்பிலிருந்து. 500 என்ற பிழை எண் உங்கள் நிரல் ஓடத் தொடங்கி நடுவில் விழுந்துவிட்டது என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. விழுந்த காரணம் லாக்கில் எழுதப்பட்டிருக்கும். நீளமான பிழைச் செய்தியைக் கண்டு மலைக்க வேண்டாம். அதன் முதல் வரியில் பிழை என்னவென்று இருக்கும். அதன் கீழே வரும் கோப்புப் பெயர்களில் நூலகங்களுடையவற்றை விட்டுவிட்டு, நீங்கள் எழுதிய கோப்பு முதலில் எங்கே வருகிறதோ அந்த வரி எண்ணுக்குப் போங்கள்.

502, 504 இரண்டும் வேறு வகை. 502 என்றால் முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் வலை சர்வரான என்ஜின்எக்ஸ் பின்னால் இருக்கும் நிரலைக் கூப்பிட்டபோது அங்கே ஆளில்லை, அல்லது வந்த பதில் பதிலாகவே இல்லை என்று பொருள். 504 என்றால் ஆள் இருந்தும் நேரத்துக்குள் பதில் வரவில்லை. என்ஜின்எக்ஸ் இயல்பாகக் காத்திருக்கும் நேரம் 60 வினாடி. ஆகையால் சரியாக ஒரு நிமிடத்தில் பக்கம் விழுந்தால் சந்தேகத்தை அங்கே வையுங்கள். படம் பதிவேற்றும்போது, அனுப்பியது மிகப் பெரிது என்று சொல்லும் 413 வந்தால், என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பி வரைதான் ஏற்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதை உயர்த்திய பிறகும் கோப்பு வந்து சேரவில்லையென்றால், பிஎச்பி தனக்கென்று கோப்பு ஒன்றுக்கு 2 எம்பி வரம்பு வைத்திருக்கிறது.

ஒரு சிறு எச்சரிக்கை. பல சர்வர்கள் லாக்கில் உலகப் பொது நேரமான யூடிசியையே எழுதும்; அது நம் நேரத்தைவிட 8 மணி நேரம் பின்னால் இருக்கும். மாலை 4 மணிக்கு நடந்த பிழையைத் தேடுபவர் காலை 8 மணி வரிகளைப் பார்க்க வேண்டும். இதைக் கவனிக்காமல் லாக்கில் ஒன்றுமே இல்லை என்று சொன்னவர்கள் பலர்.

என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை. ஏன்?

முதல் காரணம் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு. விண்டோஸும் மேக்கும் இயல்பாக அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்தும். இரண்டாவது காரணம் சூழல் மாறிகள், அதாவது கடவுச்சொல் போல ஒவ்வொரு கணினியிலும் நிரலுக்கு வெளியே வைக்கும் மதிப்புகள். லாரவெல்லில் அமைப்புகளைக் கேஷ் செய்துவிட்டால் (முன்கூட்டியே தொகுத்து வைத்துவிட்டால்), அதன் பிறகு அமைப்புக் கோப்புகளுக்கு வெளியே, நிரலின் நடுவில் நேரடியாகச் சூழல் மாறியைக் கேட்டால் வெற்று மதிப்புதான் கிடைக்கும். சூழல் மாறியை அமைப்புக் கோப்பில் ஒருமுறை வாசித்து, நிரலுக்குள் அந்த அமைப்பை மட்டுமே பயன்படுத்துங்கள். மூன்றாவது, பிஎச்பியின் பதிப்பு. இரண்டு இடங்களிலும் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

தமிழில் எழுதிச் சேமித்தது குப்பை எழுத்தாகவோ கேள்விக்குறிகளாகவோ வருகிறது. மீட்க முடியுமா?

இந்த இரண்டும் ஒன்றல்ல. அவற்றைப் பிரித்தறிவதில்தான் உங்கள் தரவு பிழைப்பது இருக்கிறது.

யூனிகோடில் தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகப் பதிவாகின்றன. ‘அ’ என்பது 224, 174, 133 என்ற மூன்று எண்கள். இந்த மூன்றையும் வழியில் ஏதோ ஒரு நிரல், மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 முறை என்று தவறாக வாசித்தால், 224 மேலே சாய்ந்த கோடிட்ட ஆங்கிலச் சிறிய ‘ஏ’ ஆகவும், 174 வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வணிகப் பதிவுக் குறியாகவும் திரையில் வரும். அந்த இணை திரும்பத் திரும்ப வந்தால், உள்ளே இருப்பது தமிழ்தான், வாசித்தவரின் கண்ணில்தான் பிழை என்று தைரியமாகச் சொல்லலாம். பைட்டுகள் அழியவில்லை; ஆகவே மீட்கலாம்.

கேள்விக்குறி அப்படியல்ல. தமிழ் எழுத்துக்கு இடமே இல்லாத லத்தீன்-1 முறைக்கு மாற்றச் சொன்னபோது, மாற்ற வழியில்லாமல் மைஎஸ்கியூஎல் வைத்த அடையாளம் அது. எழுதும்போது இது நடந்திருந்தால் தரவுத்தளத்தில் இருப்பது வெறும் 63 என்ற எண். மூலம் போய்விட்டது, காப்பு நகலிலிருந்துதான் எடுக்க வேண்டும். வாசிக்கும்போது மட்டும் நடந்திருந்தால் உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கும். எது என்று அறிய, அந்த நெடுவரிசையின் பைட்டுகளைப் பதினறும எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் செயற்கூறை ஒரு வரியின் மேல் ஓட்டிப் பாருங்கள். பத்தடி எண்ணாக மாற்றினால் 224, 174 என்று தொடங்கினால் தரவு நலம். 195, 160, 194, 174 என்று தொடங்கினால், ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக இருந்ததை இன்னொரு முறை யூடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறார்கள், அதையும் திருப்பலாம். 63, 63, 63 என்றால் காப்பு நகலைத் தேடுங்கள். எதைத் திருப்புவதற்கு முன்னும் அட்டவணையை முழுதாக நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் வராமலிருக்க, அட்டவணை, தரவுத்தள இணைப்பு, பக்கத்தோடு அனுப்பும் தலைப்பு (ஹெடர்) மூன்றிலும் ஒரே எழுத்து முறை இருக்க வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் வெறும் யூடிஎஃப்8 என்ற பெயர் நெடுங்காலம் மூன்று பைட் வரை மட்டுமே கொள்ளும் முறையைக் குறித்தது. தமிழ் அதில் அடங்கிவிடும். அதனால்தான் பலர் ஆண்டுக்கணக்கில் அதிலேயே இருக்கிறார்கள். ஒருநாள் யாரோ ஒருவர் வாழ்த்துச் செய்தியில் கூப்பிய கைகளின் படத்தைச் சேர்ப்பார். அது நான்கு பைட். பொருந்தாத தரவை மறுக்கும் கண்டிப்பு முறை இயங்காத சர்வரில், அந்தப் படத்திலிருந்து மீதிச் செய்தி முழுவதும் சத்தமில்லாமல் வெட்டப்படும். யூடிஎஃப்8எம்பி4 என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். அது 2010ஆம் ஆண்டிலிருந்தே உண்டு.

தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படுகிறது. சில வேளைகளில் தேடினாலும் அகப்படுவதில்லை.

‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு. பைட் கணக்கில் 15. பிஎச்பியின் சாதாரண நீளச் செயற்கூறு 15 என்றும், ‘எம்பி’ என்று தொடங்குவது 5 என்றும், ‘கிராஃபீம்’ என்று தொடங்குவது 3 என்றும் விடை தரும். செய்தித் தலைப்பை 100க்கு வெட்டு என்று பைட் கணக்கில் எழுதினால், கடைசி எழுத்து மூன்றில் ஒரு பங்கோடு நின்று, கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாகத் தெரியும். குறியீட்டுக் கணக்கில் வெட்டினால் ‘கு’வில் உகரக் குறி போய் ‘க’ மட்டும் நிற்கும். இது திரையில் பிழையாகத் தெரியாமல் பொருளை மாற்றும் என்பதால் இன்னும் மோசம். மனிதர் படிக்கும் இடத்தில் கிராஃபீம் கணக்கையே பயன்படுத்துங்கள்.

தேடல் சிக்கலுக்கு இன்னொரு காரணம் உண்டு. ‘பொங்கல்’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பைட்டுகளை ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

ஏ/எல், ஏ/பி உள்ள பெயர்களுக்கு மட்டும் பிழை வருகிறது.

ஏ/எல் என்றால் மகன், ஏ/பி என்றால் மகள்; அதன் பின் தகப்பனார் பெயர் வரும். இந்தக் கேள்விக்கு நான் சற்று நீளமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் அடையாள அட்டையில் அச்சாகியிருக்கும் பெயரையே ஒரு நிரல் செல்லாது என்று சொல்லும்போது, அந்தப் படிவத்தின் முன் உட்கார்ந்திருப்பவர் தன் மீதுதான் தவறு என்று நினைத்துக்கொள்கிறார்.

ஒரு கட்டுரைப் போட்டிக்குச் சான்றிதழ் அச்சிடும் நிரலை நான் எழுதினேன். பரிசளிப்புக்கு முந்தைய இரவு ஓட்டியபோது சில பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வந்தது, பலருக்கு வரவில்லை. லாக்கில் ‘அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை’ என்றிருந்தது. உருவாக்கச் சொன்ன கோப்பை இல்லை என்கிறதே என்று அரை மணி நேரம் உரிமைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் வராத பெயர்களை வரிசையாக வாசித்தேன். ‘கவிதா ஏ/பி முருகன்’ என்ற பெயரைக் கோப்புப் பெயராக வைத்தால், லினக்ஸ் அந்தச் சாய்கோட்டைப் பார்த்து, ‘கவிதா ஏ’ என்ற கோப்புறைக்குள் ‘பி முருகன்’ என்ற கோப்பை வைக்கச் சொல்வதாகப் புரிந்துகொள்கிறது. அப்படியொரு கோப்புறை இல்லை. லாக் முதலிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இணைய முகவரியிலும் இதே கதைதான். பெயரை முகவரியின் ஒரு பகுதியாக வைத்தால் சாய்கோடு அதை இரண்டாகப் பிளக்கும். குறியாக்கம் செய்து அனுப்பினாலும் அப்பாச்சி என்ற வலை சர்வர் தன் இயல்பான அமைப்பில் அதை மறுத்து 404 தரும். கோப்புப் பெயரிலும் முகவரியிலும் ஆளின் பெயரை வைக்காதீர்கள். பதிவு எண்ணை வையுங்கள். பெயரைத் திரையிலும் தாளிலும் மட்டும், அவர் எழுதியபடியே காட்டுங்கள். எழுத்துகள் மட்டுமே வரலாம் என்ற சரிபார்ப்பு விதியை எடுத்துவிடுங்கள். குடும்பப் பெயர் கட்டாயம் என்ற கட்டத்தையும் எடுத்துவிடுங்கள். நமக்குத் தகப்பனார் பெயர்தான் உண்டு, குடும்பப் பெயர் இல்லை. சாய்கோட்டை நீக்கிவிட்டுச் சேமிப்பதும் தீர்வாகாது. அடையாள அட்டையோடு ஒப்பிடும் இடத்தில் பெயர் பொருந்தாமல் போகும்.

அடையாள அட்டை எண்ணின் முதல் சுழியம் காணாமல் போகிறது.

அதை எண்ணாகச் சேமித்திருக்கிறீர்கள். அந்த 12 இலக்க எண் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களில் தொடங்குவதால், 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு அது சுழியத்தில்தான் தொடங்கும். கூட்டிக் கழிக்காத எதையும் எழுத்துச் சரமாகவே வையுங்கள். கைப்பேசி எண்ணுக்கும், கெடா, பெர்லிஸ் அஞ்சல் குறியீடுகளுக்கும் இதே விதி.

பிறந்த தேதி ஒரு நாள் முன்னதாகக் காட்டுகிறது, அதுவும் சிலருக்கு மட்டும்.

எல்லோருக்கும் என்றால் காரணம் எளிது. நள்ளிரவு 12 மணியை யூடிசிக்கு மாற்றினால் அது முந்தைய நாள் மாலை 4 மணி. அதன் தேதிப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் ஒரு நாள் குறையும்.

சிலருக்கு மட்டும் என்றால் அவர்களின் வயதைக் கேளுங்கள். தீபகற்ப மலேசியாவின் நேரம் இப்போதுபோல் யூடிசியைவிட 8 மணி நேரம் முன்னால் இருப்பது தொடக்கத்திலிருந்தே வந்த வழக்கமல்ல. 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30க்குக் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு 1982 பிறந்தது; அதுவரை வேறுபாடு ஏழரை மணி நேரம். இப்போது, 1975 மே 10ஆம் நாள் பிறந்த ஒருவரின் தேதியைச் சர்வர் நிலையாக +8 என்று வைத்து மாற்றினால், மே 9 மாலை 4 மணி யூடிசி என்று பதிவாகும். காட்டும்போது உலாவி கோலாலம்பூரின் நேர மண்டல வரலாற்றைப் பார்த்து ஏழரை மணி நேரம் மட்டுமே கூட்டும். விடை மே 9, இரவு 11.30. அம்மாவின் பிறந்தநாள் தவறு, பிள்ளையின் பிறந்தநாள் சரி. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் இங்கே டோக்கியோ நேரம் இருந்ததால், அப்போது பிறந்த முதியவர்களின் பதிவில் இந்தக் கணக்கு இன்னொரு விதமாக மாறும்.

பிறந்த தேதிக்கு நேரமே கிடையாது. நேர மண்டலமும் கிடையாது. ‘டேட்’ வகை நெடுவரிசையில் வைத்து, எங்கேயும் மாற்றாமல் எழுத்தாகவே அனுப்புங்கள். நடந்த நேரம் முக்கியமான பணப்பரிமாற்றம் போன்றவற்றுக்கு மட்டும் யூடிசி வேண்டும்.

கணக்கில் ஒரு சென் குறைகிறது.

தசம எண்களைக் கணினி இரும எண்களாக வைப்பதால் வரும் இடைவெளி அது. 4 ரிங்கிட் 35 சென்னை 100ஆல் பெருக்கிப் பின்னத்தை வெட்டினால் 434 சென் வரும், ஏனென்றால் உள்ளே இருப்பது 434.99 என்று நீள்கிற எண். தொகையை முழுச் சென்களாக, அல்லது தரவுத்தளத்தின் ‘டெசிமல்’ வகையில் வையுங்கள். 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ரொக்கத்தில் கட்டும் ரசீதின் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. பலர் செய்யும் தவறு, ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியே முழுமையாக்குவது. மொத்தத்தை ஒரே ஒரு முறை, கடைசியில் முழுமையாக்கி, அந்த வேறுபாட்டை ரசீதில் தனி வரியாகக் காட்டுங்கள்.

வங்கிப் பக்கத்தில் பணம் கட்டித் திரும்பியதும் வாடிக்கையாளர் வெளியேற்றப்பட்டிருக்கிறார்.

வங்கியிலிருந்து உங்கள் தளத்துக்குத் திரும்பும் கோரிக்கை ‘போஸ்ட்’ வகையாக வருகிறதா என்று பாருங்கள். 2020 பிப்ரவரியில் குரோம் 80ஆம் பதிப்பிலிருந்து, வேறு தளத்திலிருந்து வரும்போது அனுப்பலாமா என்று சொல்லும் சேம்சைட் என்ற பண்பு குறிக்கப்படாத குக்கீகளை (வந்தவரை அடையாளம் காண உலாவியில் வைக்கும் சிறு குறிப்புகளை) ‘லாக்ஸ்’, அதாவது ஓரளவு தளர்ந்த வகை என்று கருதும் வழக்கம் வந்தது. வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட் கோரிக்கையோடு அத்தகைய குக்கீ அனுப்பப்படாது. குக்கீ இல்லையென்றால் உங்கள் நிரலுக்கு வந்தவர் யாரென்று தெரியாது. குழப்பத்தைக் கூட்டும் இன்னொன்றும் இருக்கிறது. பண்பு குறிக்கப்படாத குக்கீ வைக்கப்பட்டு 2 நிமிடம் ஆகாதிருந்தால் குரோம் அதை விட்டுக்கொடுத்து அனுப்பும். ஆகவே விரைந்து பணம் கட்டிச் சோதிக்கும் உங்களுக்குப் பிழை வராது. பாதுகாப்பு எண்ணைத் தேடி எடுத்து நிதானமாகக் கட்டும் பெரியவருக்கு வரும்.

திரும்பும் பக்கம் அந்த போஸ்ட்டை வாங்கியதும் எதையும் காட்டாமல் 303 மூலம் ‘கெட்’ வகையான இன்னொரு பக்கத்துக்கு அனுப்பட்டும்; அங்கே குக்கீ வந்துவிடும். அதைவிட முக்கியமானது, பணம் வந்ததா என்பதை உலாவி திரும்பி வந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாடிக்கையாளரின் இணைப்பு நடுவில் அறுந்துபோகலாம். சர்வரிலிருந்து சர்வருக்கு வரும் அறிவிப்பின் கையொப்பத்தைச் சரிபார்த்து, அதை வைத்தே ரசீதை உறுதி செய்யுங்கள். அந்த அறிவிப்பு இரண்டு முறை வந்தாலும் ரசீது ஒன்றுதான் உருவாக வேண்டும்.

போஸ்ட்மேனில் வேலை செய்கிறது, உலாவியில் கோர்ஸ் பிழை வருகிறது.

ஒரு தளத்தின் பக்கம் வேறு தளத்தின் சர்வர் தரும் பதிலை வாசிக்கலாமா என்பதைச் சொல்லும் கோர்ஸ் விதியைக் காவல் காப்பது உலாவி மட்டுமே. கோரிக்கைகளை அனுப்பிச் சோதிக்கும் கருவியான போஸ்ட்மேன் அதைக் கேட்பதில்லை. ஆனால் அனுமதித் தலைப்பைச் சேர்க்க ஓடும் முன் சர்வர் லாக்கைப் பாருங்கள். நிரல் 500 பிழையில் விழுந்து, அந்தப் பிழைப் பக்கத்தில் அனுமதித் தலைப்பு இல்லாமல் போனாலும் உலாவி கோர்ஸ் என்றுதான் புகார் சொல்லும்.

தரவுத்தளத்தோடு இணைப்பு மறுக்கப்படுகிறது.

மறுக்கப்பட்டது என்றால் அந்த முகவரியில், அந்தக் கதவில் (போர்ட்டில்) யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கடவுச்சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கடவுச்சொல் தவறானால் செய்தி வேறு. நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கருக்குள், ‘இதே கணினி’ என்று பொருள்படும் லோக்கல்ஹோஸ்ட் என்பது நிரல் ஓடும் அந்தப் பெட்டிதான், உங்கள் கணினி அல்ல. தரவுத்தளப் பெட்டியின் சேவைப் பெயரைக் கொடுங்கள். நோட் 17ஆம் பதிப்பு முதல் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் ஐபிவி6 முகவரியாக முதலில் விரியக்கூடும். தரவுத்தளம் ஐபிவி4இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் மறுப்பு வரும். 127.0.0.1 என்று எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் பால்குடப் பதிவுப் பக்கம் திணறுகிறது. பெரிய சர்வர் வாங்க வேண்டுமா?

முதலில் வினவல்களை, அதாவது நிரல் தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகளை எண்ணுங்கள். பதிவு செய்தவர்களின் பட்டியலுக்கு ஒரு வினவல், பிறகு ஒவ்வொருவரின் நேரப் பிரிவையும் அறிய ஆளுக்கொரு வினவல் என்று எழுதியிருந்தால், 400 பேருக்கு 401 வினவல் ஓடும். சோதனைத் தரவில் ஐந்து பேர் இருந்தபோது இது தெரிந்திருக்காது. தொடர்புள்ள தரவையும் சேர்த்தே எடுத்தால் இரண்டில் முடியும். அடுத்து, மெதுவான வினவலின் முன் ‘எக்ஸ்பிளெய்ன்’ என்று சேர்த்து ஓட்டி, முழு அட்டவணையையும் துழாவுகிறதா என்று பார்த்து, தேடும் நெடுவரிசைக்குச் சுட்டு (இண்டெக்ஸ்) அமையுங்கள்.

இணைப்புகள் மிகுந்துவிட்டன என்ற பிழை வந்தால், மைஎஸ்கியூஎல் இயல்பாக 151 இணைப்புகளையும் போஸ்ட்கிரஸ் 100 இணைப்புகளையும்தான் ஏற்கும். நான்கு நிரல் பிரதிகள் ஒவ்வொன்றும் 50 இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டால் 200 ஆகிவிடும். பிரதிகளைக் கூட்டுவது இங்கே நிலைமையை மோசமாக்கும். ஒவ்வொன்றின் பங்கையும் குறையுங்கள்.

உதவி கேட்கும்போது எதையெல்லாம் அனுப்ப வேண்டும்?

பிழைச் செய்தியைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) அனுப்பாமல் எழுத்தாக, முதல் வரியிலிருந்து முழுதாக அனுப்புங்கள். என்ன செய்தபோது வந்தது, கடைசியாக எப்போது சரியாக ஓடியது, அதன் பிறகு எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். மாற்றவே இல்லை என்று தோன்றினாலும், நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் வரலாற்றை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள். சூழல் மாறிக் கோப்பை ஒட்ட வேண்டாம். அவசரத்தில் வாட்ஸ்அப் குழுவில் ஒட்டிவிட்டால், செய்தியை நீக்குவதோடு நிற்காமல், அதிலிருந்த தரவுத்தளக் கடவுச்சொல்லையும் கட்டண வாயிலின் ரகசியச் சாவியையும் அன்றே மாற்றிவிடுங்கள்.